ஆட்டுக்கு டிக்கெட்

மே 4, 1987, திங்கள்

என் வீட்டுக்காரருக்கு மின்வாரிய ஆபீசில் கொடுத்த டைரி நாலு மாதமாக அடுப்படியில் பால் கணக்கு எழுதக் கிடந்தது. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன். "இங்கிலீஷ் டீச்சரு தமிழ்ல டைரி எழுதுதியே" என்று இவருக்குக் கேலி வேறு. மனசில் வருவதை எழுதும்போது அகராதி புரட்டிக்கொண்டிருக்க முடியுமா?

பாளையங்கோட்டையில் பயிற்சி தொடங்கிவிட்டது. தென்காசியிலிருந்து தினமும் பஸ். கூழ்வற்றல் போட வேண்டிய அருமையான வெயிலில் மாவட்டத்து இங்கிலீஷ் ஆசிரியர்களையெல்லாம் ஒரு ஹாலில் அடைத்திருக்கிறார்கள். பயிற்சி கொடுப்பவர் ஞானமுத்து என்பவர். உள்ளூர்க்காரர்தான், ஒரு வருஷம் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாகப் பெஞ்சையெல்லாம் சுவரோரம் தள்ளச் சொன்னார். எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

பெஞ்சு இல்லாத இடத்தில் நாடகம் போட வேண்டுமாம். வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. "இது ஆஸ்பத்திரி, நீங்க யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க, வாய்க்கு வர்றத இங்கிலீஷ்ல பேசுங்க, அவ்வளவுதான்" என்றார். நான் மயக்கம் போட்ட நோயாளியாக இருந்தேன். நன்றாகச் செய்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

மே 5, செவ்வாய்

இன்று பஸ் பயணம். நான் தூங்கும் பயணி. உண்மையிலேயே கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன்.

மே 6, புதன்

கொலை வழக்கு. செத்துப்போனவள் நான்.

மே 7, வியாழன்

காலையில் ஞானமுத்து சார் இந்தக் கூத்தின் வரலாற்றைச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வேலை என்றதும் எனக்கு உயிர் வந்தது.

முதல் உலகப்போருக்கு முன்னாலேயே இங்கிலாந்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, பாடத்தையெல்லாம் பிள்ளைகளை நடிக்க விட்டாராம். சரித்திரம், பூகோளம் எதையும் விட்டுவைக்கவில்லையாம். இரண்டாம் போருக்குப் பிறகு வேறு சிலர் கிளம்பி, பிள்ளைகளுக்கு வசனம் எழுதிக் கொடுக்காதே, மேடையில் ஏற்றாதே, அதுகள் வாயில் வருவதே நாடகம் என்றார்களாம். அறுபதுகளில் இன்னொரு அம்மா, வெளியே நின்று அதட்டுவதை விட்டுவிட்டுத் தானே ஒரு வேஷத்தோடு வகுப்புக்குள் நுழைந்தாராம். எழுபதுகளில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பவர்கள் இதையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டார்களாம். ஒருத்தரிடம் சொல்லியே ஆக வேண்டிய அவசியம் வந்தால்தான் பாஷை வரும் என்பது அவர்கள் கட்சி. ஆக, அந்த ஊரில் முக்கால் நூற்றாண்டாகப் பெஞ்சைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இதில் அந்த வேஷம் போட்ட அம்மா விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. எல்லாம் தெரிந்தவளாக வரக்கூடாதாம். வழி தெரியாதவளாக, உதவி கேட்பவளாக வர வேண்டுமாம். டீச்சருக்குத் தெரியாது என்றால்தான் பிள்ளைகள் வாயைத் திறக்குமாம். இது எந்த ஊர் நியாயம்? தெரியாதவள் என்று காட்டிக்கொள்ளவா இத்தனை வருஷம் கரும்பலகை முன்னால் நின்றேன்?

மத்தியானம் சந்தைக் காட்சி. நான் சந்தைக்கு நடுவில் இருக்கும் சிலையாக நின்றேன். ஞானமுத்து சார் பக்கத்தில் வந்து, "மேடம், வந்த நாள்ல இருந்து நீங்க ஒரு வார்த்தகூடப் பேசலியே" என்றார்.

"எனக்கு அமையுத பாகம் அப்படி சார்" என்றேன்.

மே 15, வெள்ளி

பயிற்சி முடிந்து சான்றிதழும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கொடுத்தார்கள். டம்ளரில் பெயர் வெட்டியிருக்கிறது, அதில் 'ஆவுடையம்மாள்' என்பது மட்டும் சரியாக இருக்கிறது, இனிஷியல் தப்பு. செப்டம்பரில் ஞானமுத்து சார் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து நம் வகுப்பைப் பார்ப்பாராம். செப்டம்பர் தூரத்தில் இருக்கிறது. நாளைக்கு வற்றல் போட வேண்டும்.

ஜூன் 10, புதன்

தலைமையாசிரியை எஸ்தர் ரஞ்சிதம் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே பேசினார்.

"ஆவுடையம்மா டீச்சர், ஒங்க இலக்கணத்துக்கு நான் ஒரு கொற சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளைய வாயத் தெறக்க மாட்டேங்குதுவ. போன வருஷம் ஆண்டு விழாவுக்கு வந்த விருந்தாளி, ஒன் பேரு என்னன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. ஒம்பதாம் வகுப்பே ஓடி ஒளிஞ்சுட்டு."

"கூச்சம் டீச்சர்."

"இருக்கும். செப்டம்பர்ல அந்த சாரு வந்து பாக்கட்டும். நல்லா இருந்துச்சுன்னா ஒம்பது ஒங்களுக்குத்தான், அடுத்த வருஷம் பத்தும் தாரேன். இல்லன்னா வனஜா டீச்சர்கிட்ட விட்டுருவோம். நீங்க ஆறு, ஏழுல சமூக அறிவியல் எடுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

வனஜா ஊட்டி கான்வென்டில் படித்தவள், இந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறாள். இங்கிலீஷில் தும்முவாள். நல்ல பெண்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

எனக்குச் சமூக அறிவியல் வேண்டாம். இங்கிலீஷ்தான் வேண்டும். ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி அதன் எலும்பையெல்லாம் பிரித்துக் காட்டும்போது கிடைக்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடையாது. என் பிள்ளைகளுக்கு வினைச்சொல்லின் மூன்று வடிவமும் தண்ணீர்பட்ட பாடு. இதைப் பிடுங்கிக்கொண்டு அசோகரைக் கையில் கொடுத்தால் நான் என்ன செய்வேன்?

ஜூலை 12, ஞாயிறு

குற்றாலம் போனோம். சாரல் அருமை, மெயினருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய்க் குளியல் முடித்து மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்கார ஜோடி கையில் வரைபடத்தோடு வந்து ஏதோ கேட்டது. கடைக்காரர் விழித்தார். இவர் சும்மா இருப்பாரா? "சார், மை வைஃப், இங்கிலீஷ் டீச்சர்!" என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்.

அவர்கள் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஐந்தருவிக்கு எப்படிப் போவது என்பதுதான். எனக்கு அந்த நேரம் பார்த்துப் பல்வலி வந்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கையால் வழியைக் காட்டினேன். அவர்கள் பாவம் என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை 13, திங்கள்

இவர் விடவில்லை. அரை நாள் லீவு போட்டுப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, கீழ்க்கடைவாயில் ஒரு பல்லில் நிஜமாகவே ஓட்டை இருக்கிறது என்றார். அடைத்துக்கொண்டு வந்தேன். இப்போது உண்மையாகவே வலிக்கிறது.

ஆகஸ்டு 3, திங்கள்

நாடகம் தயார். ரயில்வே ஸ்டேஷன். டிக்கெட் கொடுப்பவர், பயணி, பூக்காரி, போர்ட்டர் எல்லாம் உண்டு. வசனம் முழுவதும் எழுதிவிட்டேன். எழுதக்கூடாது என்று ஞானமுத்து சார் சொன்னார்தான். ஆனால் எழுதிப் படித்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இயல்பாக இருக்க வேண்டும் என்றுதானே கேட்கிறார், அந்த இயல்பையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். பேசுவதற்கு முன் யோசிப்பது போல மூன்று எண்ண வேண்டிய இடங்கள், சிரிக்க வேண்டிய இடங்கள், வேண்டுமென்றே விட வேண்டிய ஒரு பிழை, அதை இன்னொருத்தி திருத்துவது எல்லாம் இருக்கிறது. எனக்கும் ஒரு பாகம் எழுதிக்கொண்டேன்: 'டீச்சர் ஓரமாக நிற்கவும்.'

ஆகஸ்டு 19, புதன்

பிள்ளைகள் தங்கங்கள். எல்லோருக்கும் எல்லோருடைய வசனமும் மனப்பாடம். ஒருத்தி பேசும்போது மற்றவர்களின் உதடும் அசைகிறது. அதை மட்டும் நிறுத்த வேண்டும்.

பேச்சியம்மாள் ஒருத்திதான் இம்சை. டிக்கெட் கொடுக்கும் பாகம் அவளுக்கு. நல்ல சத்தமான தொண்டை, வாய் அதைவிடப் பெரியது.

"டீச்சர், அவ சில்லற இல்லன்னு சொன்னா நான் என்ன சொல்லணும்?"

"அவ சில்லற வச்சிருக்கா."

"இல்லன்னா?"

"வச்சிருக்கான்னு எழுதியிருக்குல்லாட்டி."

"ரயிலு லேட்டுன்னா டீச்சர்?"

"இந்த ரயிலு லேட்டா வராது. ஒம்பது மணிக்கு வரும். எழுதுனதச் சொல்லு."

தென்காசியில் எந்த ரயில் நேரத்துக்கு வந்தது என்று அவள் கேட்டிருக்கலாம். நல்ல வேளை, கேட்கவில்லை.

செப்டம்பர் 2, புதன்

காலையில் இட்லிக்கு ஆட்டும்போது கிரைண்டர் சத்தத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் பேசிப் பார்த்தேன். கிரைண்டரைப் பார்த்துத்தான். உன் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வருகிறாய், உளுந்து போதுமா என்று கேட்டேன். தங்குதடை இல்லாமல் வந்தது. இவர் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "ஏ ஆவுடை, யார்கிட்ட பேசுத?" என்றார். பாட்டு என்றேன்.

கிரைண்டரை நிறுத்திவிட்டு அதையே சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. சரி, இதையும் எழுதிவிடுகிறேன், டைரிதானே. எனக்கு இங்கிலீஷ் எழுத வரும், படிக்க வரும், திருத்த வரும். எதிரில் ஒரு ஆள் நின்றால் பேச வராது. வாயைத் திறந்தால் தப்பு வருமோ என்று பயம். இங்கிலீஷ் டீச்சர் தப்பாகப் பேசினாள் என்று ஊர் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?

மாவு கொஞ்சம் நீர்த்துவிட்டது.

செப்டம்பர் 17, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

ஞானமுத்து சார் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். கடைசிப் பெஞ்சில் அவரும் தலைமையாசிரியையும் உட்கார்ந்தார்கள். வனஜா வாசல் பக்கம் நின்றாள். ரயில்வே ஸ்டேஷன் ஆரம்பித்தது. அடடா, என் பிள்ளைகள் என்னமாய்ச் செய்தார்கள்! ஜன்னத் பயணியாக வந்து மூன்று எண்ணி யோசித்து, டிக்கெட் கேட்டாள். பேச்சியம்மாள் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிழை விட வேண்டிய இடத்தில் பிழை வந்தது, திருத்தம் வந்தது. தலைமையாசிரியை முகத்தில் மெல்லச் சிரிப்பு படர்ந்தது. எனக்குப் பத்தாம் வகுப்பே கையில் வந்துவிட்டது போல இருந்தது.

அப்போதுதான் அந்த மனுஷன் எழுந்தார். "வெரி குட்" என்றார். பிறகு, பிளாட்பாரத்தில் ஒரு ஆடு வந்துவிட்டது, ஸ்டேஷன் மாஸ்டருடைய காகிதங்களை எல்லாம் தின்கிறது, மேற்கொண்டு நடத்துங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஜன்னத் மூன்று எண்ணினாள். பிறகு, ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள். ஒன்பது மணிக்கு என்றாள் பேச்சியம்மாள். பூக்காரி பூ விற்றாள். போர்ட்டர் பெட்டியைத் தூக்கினாள். ஆட்டை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அது பாட்டுக்குக் காகிதம் தின்றுகொண்டிருந்தது.

"வாட் அபவுட் த கோட்?" என்றார் சார், சிரித்துக்கொண்டே.

வசனம் நின்றுவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியையின் சிரிப்பு இருந்த இடம் காலியாகிவிட்டது, பேனாவைத் திறந்தார். எல்லாம் போயிற்று, நாளையிலிருந்து அசோகர் என்று நினைத்தேன். ஆனால் அதைவிட, அந்தப் பிள்ளைகள் முகம். அதுகள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தன. நான்தான் ஆட்டை எழுதவில்லை.

என் கால் எப்போது நகர்ந்தது என்று தெரியாது. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டிருக்கிறேன். கையில் கயிறு பிடித்திருப்பது போல இழுத்துக்கொண்டு பேச்சியம்மாள் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"சார்... கோட்... மை கோட்" என்றேன்.

அதோடு நின்றுவிட்டது. ஆட்டை மெட்ராசுக்கு மகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். கொண்டுபோவதற்கு உரிய வினைச்சொல் மூன்று வடிவத்திலும் வந்து வரிசையாக நின்றது. எதைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "டாட்டர்... மெட்ராஸ்... கோட் ஆல்ஸோ... மெட்ராஸ்" என்றேன். ஒன்பதாம் வகுப்பு முன்னால், வனஜா முன்னால், எல்லோர் முன்னாலும் அப்படித்தான் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை.

பேச்சியம்மாள் என்னையே பார்த்தாள். கண் விரிந்தது. பிறகு மேஜையை ஒரு தட்டுத் தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்:

"ஆஃப் டிக்கெட் ஆர் ஃபுல் டிக்கெட்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "கோட் இஸ் ஸ்மால்" என்றேன். "நோ, நோ, கோட் ஹேஸ் ஃபோர் லெக்ஸ், டபுள் டிக்கெட்!" என்றாள் ஒருத்தி. அவளுக்கு நாடகத்தில் பாகமே கிடையாது, மூன்றாம் பெஞ்சில் இருந்தவள். ஜன்னத் ஓடிவந்து, ஆடு தன் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டது என்று சண்டைக்கு வந்தாள். நான் பதில் சொல்ல வார்த்தை தேடியபோது பூக்காரி என் காதில் வார்த்தை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் தப்பான வார்த்தைதான், இன்னொருத்தி திருத்தினாள். எழுதி வைக்காத தப்பு, எழுதி வைக்காத திருத்தம்! ஆடு சைவமா, அசைவப் பெட்டியில் ஏற்றலாமா என்று போர்ட்டர் கேட்டாள். மணி அடித்தது. ஒருத்தியும் உட்காரவில்லை.

கடைசியில் ஞானமுத்து சார் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மேடம், டீச்சரே வேஷம் போட்டு உள்ள வர்றதப் பத்திச் சொன்னேனே, நீங்க ஒருத்தர்தான் அதச் செஞ்சு காட்டியிருக்கீங்க. இங்கிலீஷே தெரியாத பொம்பளையா என்ன ஒரு நடிப்பு! அந்தத் தடுமாற்றம் இருக்கே, நானே நெசம்னு நம்பிட்டேன்!"

"நன்றி சார்" என்றேன்.

தலைமையாசிரியை பேனாவை மூடிவிட்டு, "ஒம்பது ஒங்களுக்குத்தான் டீச்சர்" என்றார்.

எல்லோரும் போன பிறகு பேச்சியம்மாள் பெஞ்சைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டே கேட்டாள். "டீச்சர், அது நடிப்பா, நெசமாவே ஒங்களுக்கு வரலியா?"

அவளிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. "வரலட்டி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். மூன்று எண்ணியிருப்பாள். "அப்ப நாளைக்கும் ஆட்டக் கூட்டிட்டு வாங்க டீச்சர்" என்றாள்.

செப்டம்பர் 18, வெள்ளி

கூட்டிக்கொண்டு போனேன். இன்று ஆட்டுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி.

செப்டம்பர் 29, செவ்வாய்

ஆடு போலீஸ் ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சினிமா தியேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று. எழுதிய வசனத் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, வகுப்புத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டேன். இன்று வனஜா வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டு, தானும் வரலாமா என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஆட்டுக்காரியாகச் சேர்த்துக்கொண்டோம். அவளுடைய கான்வென்ட் இங்கிலீஷுக்குப் பேச்சியம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. "ஒன் பை ஒன்!" என்று அதட்டி அவளை வரிசையில் நிற்க வைத்துவிட்டாள்.

அக்டோபர் 25, ஞாயிறு

கோயில் வாசலில் ஒரு வெளிநாட்டு அம்மாள் செருப்பை எங்கே விடுவது என்று கேட்டாள். நானே சொன்னேன். எங்கிருந்து வருகிறாய், எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்டேன். நடுவில் இரண்டு தப்பு வந்தது. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை, அவளுக்குச் செருப்புக் கவலை.

வரும் வழியில் இவர் மெதுவாக, "பல்லு சரியாயிட்டு போல" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் ரொம்ப மும்முரமாக வாழைக்காய்க்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 3, செவ்வாய்

தலைமையாசிரியை மூச்சு வாங்க ஓய்வறைக்கே வந்தார். இந்த மாதம் மதுரையில் பெரிய கூட்டமாம், பல மாவட்டத்து ஆசிரியர்கள் வருகிறார்களாம். ஞானமுத்து சார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். பேச்சியம்மாள், ஜன்னத் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆட்டுக் காட்சியைச் செய்துகாட்ட வேண்டுமாம். முக்கியமாக அந்தத் தடுமாற்றத்தை.

அங்கேதான் இடிக்கிறது. இப்போதெல்லாம் அந்த அளவு தடுமாற்றம் வருவதில்லை.

நவம்பர் 21, சனி

மதுரை போய்விட்டு வந்தாயிற்று. பிள்ளைகளுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன், ஜன்னத் இரண்டு குடித்தாள்.

பெரிய ஹால், நிறைய ஆசிரியர்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்டை இழுத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்தேன். ஐயா, இது என் ஆடு, இதை மெட்ராசில் இருக்கும் என் மகளுக்குக் கொண்டுபோகிறேன் என்று முழு வாக்கியமும் முற்றுப்புள்ளியோடு இங்கிலீஷில் வந்து விழுந்துவிட்டது. எனக்கே திக்கென்றது. மேஜைக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்:

"டீச்சர், தடுமாறுங்க!"

தடுமாறினேன். எச்சிலை விழுங்கினேன், முந்தானையைப் பிசைந்தேன், வார்த்தை கிடைக்காதது போல மேலே பார்த்தேன். தெரிந்த வார்த்தையைத் தெரியாது என்று வைத்துக்கொள்வது எவ்வளவு சிரமம்! பேச்சியம்மாள் கைகொடுத்து எப்படியோ ஆட்டை ரயிலில் ஏற்றிவிட்டாள். கைதட்டினார்கள்.

ஞானமுத்து சார் வாசல் வரை வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார். கடைசியில் சொல்லியேவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒங்க பள்ளிக்கூடத்துல செஞ்ச மாதிரி இல்ல. அன்னைக்கு எவ்வளவு இயல்பா தடுமாறுனீங்க! இன்னைக்கு பாக்கும்போதே நடிக்கீங்கன்னு தெரிஞ்சுட்டு."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தென்காசி வரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.